விசாரணையில் இருக்கும் எருமை

வாகைமடை இசக்கியம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவளைப்போலச் சர்க்காருக்கு மனுப் போட்டவர்கள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. மனுவின் அடியில் இருக்கும் பெருவிரல் ரேகையைப் பார்த்ததும், பேரைப் படிக்காமலேயே, "வாகைமடைக்காரி வந்துட்டா" என்று சொல்லிவிடக்கூடிய குமாஸ்தாக்கள் தாலுகா கச்சேரியில் இரண்டு பேர் இருந்தார்கள். இத்தனைக்கும் அவள் வம்பு வழக்குக்கு அலைகிறவள் இல்லை. மோர் விற்றுப் பிழைத்தவள்.

புருஷன் சுடலையாண்டி கொழும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. அவன் விட்டுப் போனது ஆறுமுகத்தாய் என்ற மகளையும் ஓர் எருமைக் கிடாரியையும்தான். கிடாரி வளர்ந்து எருமையானது. அதற்குச் சீதேவி என்று பேர் வைத்தாள். காலையில் பால், பகலில் மோர், வாரத்துக்கு ஒருநாள் ஆழ்வார்குறிச்சிச் சந்தையில் நெய். தாயும் மகளும் குடித்த கஞ்சியெல்லாம் சீதேவியின் மடியிலிருந்து வந்ததுதான். அந்த மடியில் வேறு ஆள் கைவைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

பேர்தான் சீதேவி. குணம் அப்படியில்லை. இசக்கியம்மாவைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் உதைக்கும். ஆறுமுகத்தாய்கூட அதற்குப் புல் போடும்போது எட்ட நின்றுதான் போடுவாள். தரகர் ஒருவர் பல்லைப் பார்க்கப் போய்த் தன் பல்லை இழந்த கதை சந்தையில் ரொம்ப நாள் ஓடியது.

இப்பேர்ப்பட்ட எருமையையும் கறக்க ஒருவர் இருந்தார். அவர்தான் பவுண்டுக்காரர் குற்றாலலிங்கம்.

பவுண்டு என்பது, அடுத்தவர் வயலில் வாய்வைத்த மாட்டைப் பிடித்து அடைத்துப் போட்டு, சொந்தக்காரர் அபராதம் கட்டியதும் அவிழ்த்து விடுகிற சர்க்கார் தொழுவம். நல்ல ஏற்பாடுதான். அந்த நல்ல ஏற்பாட்டுக்குக் குற்றாலலிங்கத்தைக் காவலாகப் போட்டதுதான் கோளாறு. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தேவாரம், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். எருமையின் மடியைத் தெருவில் போகிற போக்கில் பார்த்து, எத்தனை படி கறக்கும் என்று அரைக்கால் படி பிசகாமல் சொல்லிவிடுவார். வாகைமடையில் அடங்காத காளைகள் எத்தனையோ பேருடைய பயிரை அழித்தன. அவை ஒருநாளும் பவுண்டுக்குப் போனதில்லை. பால் வற்றிய மாடுகளும் போனதில்லை. கன்று ஈன்று ஒரு மாதம் ஆன எருமைகள் மட்டும் தவறாமல் குற்றம் செய்து பிடிபட்டன.

பிடிபட்டால் மூன்று நாள், நாலு நாள். மாட்டுக்காரர் போய் நின்றால், "புத்தகம் கச்சேரிக்குப் போயிருக்கு, வந்ததும் எழுதி அவுத்து விடுதேன்" என்பார். புத்தகம் வருகிறவரை பாலைப் பவுண்டுக்காரர் கறப்பார். கறந்த பால் வாழையிலை கட்டிய செம்பில் தாலுகா ஊருக்குப் போகும். உத்தியோகஸ்தர்கள் வீடுகளில் காப்பி புதிதாகப் பரவிய காலம் அது. அதற்குத் தண்ணீர் கலக்காத எருமைப்பால் வேண்டும். சர்க்கார் பவுண்டில் கறந்த பால் ஆனபடியால் அதில் தண்ணீர் கலக்க யாருக்கும் தைரியம் இல்லை.

கொல்லம் ஆயிரத்து எண்பத்திரண்டாம் வருஷம், இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, ஐப்பசியில் சீதேவி தலைச்சன் ஈன்றது. கார்த்திகையில் பிடிபட்டது.

"ஏளா இசக்கி, ஒன் எருமை ஆத்தங்கரைப் பொறம்போக்குல மேஞ்சிட்டு. சட்டம்னா சட்டந்தான், நான் என்ன செய்ய?" என்றார் குற்றாலலிங்கம், மிகுந்த வருத்தத்தோடு.

"ஐயா, அது எங் கொட்டில்ல கட்டிக் கெடந்துச்சு. கயித்த அவுத்துட்டு வந்ததே ஒங்க ஆளுல்லா?"

"கொட்டில்ல கெடந்தா என்ன? அதுக்கு மேயணும்னு எண்ணம் இருந்திருக்கு."

நாலாம் நாள் எருமை வந்தது. மடி துவண்டு தொங்கியது. அடுத்த வாரமும் பிடித்தார், அதற்கடுத்த வாரமும் பிடித்தார். எப்படித்தான் வசப்படுத்தினாரோ, யாரையும் அண்டவிடாத சீதேவி அவரிடம் ஒரு தடவைகூடக் காலைத் தூக்கவில்லை. இசக்கியம்மாவுக்கு அந்தத் துரோகம்தான் ஆறவேயில்லை. மோர் வாங்க வருகிறவர்கள் வெறும் சட்டியோடு திரும்பிப் போனார்கள். ஆறுமுகத்தாய்க்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறுங்கஞ்சி. ஒருநாள் இசக்கியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தாலுகா ஊருக்கு நடந்தாள்.

கச்சேரி வாசல் வேப்பமரத்தடியில் அசன் மைதீன் உட்கார்ந்திருப்பார். மனு எழுதுவதில் கெட்டிக்காரர். தம்முடைய மனுவைப் படித்து ஒரு ஹெட் குமாஸ்தா அழுதிருக்கிறார் என்று அவரே சொல்லுவார். அவர் எழுதினார், இவள் பெருவிரலை வைத்தாள், பெட்டியில் போட்டார்கள்.

"எப்ப வருவாங்க அண்ணாச்சி?"

"வருவாங்க தங்கச்சி. பைய வருவாங்க. இப்ப கார்த்திகை, வெள்ளத்துல பாதை அடைச்சிருக்கும். மார்கழியில பெரிய துரைமாருக்குப் பண்டிகை. தையில பொங்கல். மாசி, பங்குனி வரி வசூல். சித்திரையில வெயிலு, எந்த ஆப்பீசரு வெளிய வருவான்? வைகாசியில ஜமாபந்தி. ஆனி, ஆடியில குத்தாலத்துச் சாரல், கச்சேரி பூராவும் அங்கனதான் குளிக்கும். மிச்சம் என்ன இருக்கோ அந்த நாள்ல வருவாங்க."

மிச்சம் இருந்தது ஆவணியும் புரட்டாசியும்தான். புரட்டாசியில் வந்தார்கள். விசாரிக்க வந்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம். தொந்தியும் சரிகைத் தலைப்பாகையுமாக வண்டியிலிருந்து இறங்கி, சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அதைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "எங்கே அந்த எருமை?" என்றார்.

எருமையைக் கொண்டுவந்தார்கள். பத்து மாதத்தில் எருமை என்ன ஆகும்? பால் வற்றிவிட்டது. நிறைசினையாக நின்றது. தலையாரி எட்ட நின்று கம்பால் மடியைத் தட்டிக் காட்டினான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்: மனுவில் கண்ட எருமை கறவையற்றது. இல்லாத பாலைத் திருடமுடியாது. ஆகவே மனு பொய்.

"ஐயா, அப்ப கறந்துச்சு" என்றாள் இசக்கியம்மா.

"இப்பத்தானே நான் வந்திருக்கேன்" என்றார் அவர்.

இசக்கியம்மா எருமையை ஓட்டிக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்குப் போய்ச் சீதேவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பால் போனது ஒரு துக்கம் என்றால், பொய் சொன்னவள் என்று சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டதே என்ற துக்கம் அதைவிட அதிகமாக இருந்தது.

சீதேவி அடுத்து மார்கழியில் ஈன்றது. தையில் குற்றாலலிங்கம் பிடித்தார். தையிலேயே இசக்கியம்மா மனுப் போட்டாள். இந்தத் தடவை விசாரணை வரப் பதினொரு மாதம் பிடித்தது. அதே இன்ஸ்பெக்டர், அதே நாற்காலி, அதே காப்பி. எருமை மறுபடியும் வற்றிப்போய்ச் சினையாக நின்றது. "இந்தப் பொம்பளைக்கு இதே வேலையாப் போச்சு" என்று எழுதாமல் எழுதினார். மூன்றாவது தடவை இப்படி வந்தால் பொய் மனுப் போட்ட குற்றத்துக்கு உள்ளே தள்ளிவிடுவேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். வண்டி போகிறவரை கைகட்டி நின்ற குற்றாலலிங்கம், "ஏன் தாயி இப்படி ஒடம்பக் கெடுத்துக்கிடுத?" என்று இவளிடமே அனுதாபப்பட்டார்.

சும்மா இருந்திருப்பாள். மூன்றாவது ஈற்றிலும் பால் போனது, அப்போது மனுவே போடவில்லை. போட்டு என்ன புண்ணியம்? ஆனால் அந்த ஈற்று வற்றி இரண்டு மாதம் கழித்து, தை மாதம் ஒரு காலையில் சீதேவி கடாவைக் கேட்டுக் கத்தியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடா இருக்கும் வீட்டுக்கு நடக்கும்போது இசக்கியம்மாவுக்கு ஒரு கணக்கு தோன்றியது. எருமைக்குச் சினை பத்து மாதம். சர்க்கார் மனுவுக்குச் சினை பதினொரு மாதம். இரண்டையும் ஒரே வாரத்தில் சினைக்கு விட்டால், சீதேவி ஈன்று ஒரு மாதத்தில், மடி திரண்டு நிற்கும்போது, இன்ஸ்பெக்டர் வந்து இறங்குவார்!

அவள் வழியிலேயே சிரித்துவிட்டாள். அன்று மத்தியானமே வேப்பமரத்தடியில் போய் நின்றாள்.

"நடக்காத களவுக்கு மனுவா?" அசன் மைதீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இருபத்தஞ்சு வருசமா எழுதுதேன். இப்படி ஒரு அநியாயத்தக் கேட்டதில்ல."

"நடக்காமலா போவும் அண்ணாச்சி? எம் மக தலையில அடிச்சிச் சொல்லுதேன், ஈனுன மறுமாசம் அவரு புடிப்பாரு. இவங்க வர்றதுக்குள்ள அது நடந்து முடிஞ்சிரும். மனு அப்பப் பொய்யா இருக்காது."

அசன் மைதீன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அதில் குறை தெரியவில்லை. "தேதி?"

"போன வெள்ளிக்கிழமைன்னு போடுங்க. என்னைக்கு வந்து வாசிச்சாலும் அதுக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்லா?"

எழுதினார். அன்றுவரை எழுதியதிலேயே உருக்கமான மனு அது என்று பின்னாளில் ஒத்துக்கொண்டார். எதிர்காலத்தில் நடக்கப்போவதை எழுதும்போது கை தாராளமாக ஓடுமாம். பெருவிரலை வைத்துவிட்டு இசக்கியம்மா நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். இனி பதினொரு மாதத்துக்குக் கவலையில்லை.

ஒன்பதாம் நாள் விசாரணைக்கு வந்துவிட்டார்கள்.

யாரும் நினைத்துப் பார்த்த காரியமா இது? ஜில்லாவுக்குப் புதிதாக ஒரு பெரிய துரை வந்திருந்தார். உத்தியோகஸ்தர்கள் பேரில் வரும் புகார்களைப் பத்து நாளைக்குள் விசாரிக்கவேண்டும் என்று வந்ததும் வராததுமாக ஒரு சுற்றறிக்கை விட்டார். துரை மாறும்போதெல்லாம் அப்படி ஒன்று வரும். கச்சேரியில் எல்லோரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். அதை நம்பியவர் ஒரே ஒருவர். டெபுட்டி தாசில்தாராக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சங்கரசுப்பிரமணியன். வயசு இருபத்தாறு. படிப்புக் களை இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. பெட்டியைத் திறந்ததும் மேலே கிடந்த மனுவை எடுத்தார். இன்ஸ்பெக்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாகைமடைக்கு வந்துவிட்டார்.

தலையாரி வந்து கூப்பிட்டபோது இசக்கியம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து பானை விழுந்து உடைந்தது. சீதேவி சினைப்பட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மடி சுருங்கிக் காய்ந்துபோய்க் கிடந்தது.

சாவடி முன்னால் புங்கமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. சங்கரசுப்பிரமணியன் காப்பி வேண்டாம் என்று சொன்னதிலேயே குற்றாலலிங்கத்துக்குப் பாதி உயிர் போயிருந்தது. எருமையைப் பார்த்ததும் அது திரும்பி வந்தது.

"ஏம்மா, போன வெள்ளிக்கிழமை ஒண்ணரைப் படி பாலைக் கறந்துட்டார்னு எழுதியிருக்கீங்க. இந்த எருமை பால் வற்றி ரெண்டு மாசம் ஆச்சுங்காங்களே?"

இசக்கியம்மாவுக்கு அசன் மைதீன் என்ன சொல்லச் சொல்லியிருந்தாரோ அதெல்லாம் மறந்துபோயிற்று.

"சாமி, அது போன வெள்ளிக்கிழமைப் பாலு இல்ல. வார கார்த்திகைப் பாலு."

புங்கமரமே ஆடுகிற மாதிரிச் சிரிப்பு எழுந்தது. திருஞானசம்பந்தத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் சொல்லலியா? பொய் மனு. தானே ஒத்துக்கிட்டா" என்றார்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. பயம் போய்விட்டது. "ஆமா, பொய்தான் எழுதுனேன்! ரெண்டு வாட்டி நெசத்த எழுதுனேன். நீங்க எருமை வத்துற வரைக்கும் வரல. வந்து, எருமை வத்திப் போச்சு, நான் பொய்யின்னு எழுதுனீங்க. நீங்க வர பதினோரு மாசம் ஆவுதுன்னு பதினோரு மாசம் முன்னால எழுதுனேன். இப்ப என்னடான்னா ஒம்பது நாள்ல வந்து நிக்கிங்க! இப்படித் திடுதிப்புன்னு வந்தா ஏழைபாழை எப்படிப் பொழைக்கது?"

சங்கரசுப்பிரமணியன் சிரிக்கவில்லை. பழைய மனுக்களை வாங்கித் தேதியைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். பிறகு இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"அவர் கறந்தார்ங்கதுக்குச் சாட்சி யாராவது உண்டாம்மா?"

"மனுசங்க யாரும் சொல்ல மாட்டாங்க சாமி. எல்லாருக்கும் மாடு இருக்கு. சீதேவிகிட்டயே கேளுங்க. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங் கையி தவிர வேற கை பட்டா ஒதைக்கும். பழகுன கை யாருதுன்னு அதுவே காட்டும்."

"எருமையை விசாரிக்கச் சட்டத்தில் இடம் இல்லை" என்றார் திருஞானசம்பந்தம்.

"இடம் இல்லைன்னும் எங்கயும் எழுதலியே" என்றார் இளையவர். "நீங்கதான் முதல்ல போங்களேன். பால் வேண்டாம். மடியில கைவச்சு, கறக்கிற மாதிரிப் பாவனை பண்ணினாப் போதும்."

மேலதிகாரி சொன்னால் என்ன செய்வது? இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு, "ஹை, ஹை" என்று தைரியமாகப் பேசியபடியே போனார். குனிந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அப்புறம் அவர் சாணக் குழிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை குழிக்குள் இருந்தது. அடுத்துப் போன கிராம முன்சீப் கைவைக்குமுன்பே திரும்பி வந்துவிட்டார். தலையாரிக்கு முழங்காலில் விழுந்தது. வாகைமடைக்காரர்கள் எத்தனையோ கோயில் கொடைவிழா பார்த்தவர்கள். அந்த மாதிரிச் சந்தோஷம் எந்தக் கொடையிலும் கண்டதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

"இப்ப நீங்க" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

குற்றாலலிங்கம் மேல்துண்டை எடுத்து முகத்தை மூக்குவரை மறைத்துக் கட்டிக்கொண்டார். தூசி ஆகாது என்றார். நடையையும் மாற்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். உதைத்துவிடு தாயே, உதைத்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் போயிருப்பார். சீதேவி காதை விடைத்துக்கொண்டு பார்த்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு, பிரிந்த தாயைக் கண்ட மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு, தானாகவே திரும்பி, வாலை ஒதுக்கி, பின்னங்காலை அகட்டி வைத்துக் கறப்பதற்கு வாகாக நின்றது.

"ச்சூ, போ! யாரு நீ?" என்றார் குற்றாலலிங்கம் ரகசியமாக.

அவர் கறக்காமல் நிற்பது சீதேவிக்குப் பிடிக்கவில்லை. தலையை வளைத்து அவருடைய இடுப்பில் மூக்கை நுழைத்து, வேட்டி மடியை இழுத்தது. மடி அவிழ்ந்தது. ஒரு கை பருத்திக்கொட்டை பொலபொலவென்று மண்ணில் கொட்டியது. வருஷக்கணக்கான பழக்கம், வேட்டி கட்டும்போதே கை தானாக முடிந்துகொள்ளும் போலிருக்கிறது. சீதேவி ஒரு கொட்டை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. இசக்கியம்மா மட்டும், "பார்த்துக்கிட்டீங்களா சாமி" என்றாள்.

சங்கரசுப்பிரமணியன் அங்கேயே உட்கார்ந்து பதினாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினார். பவுண்டுக்காரர் குற்றவாளி, வேலையைவிட்டு நீக்கவேண்டும் என்று முடித்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மேலிடத்து உத்தரவு வந்து விசாரணை முடியும்வரை இந்த எருமை சாட்சியாக இருப்பதால், இதைப் பவுண்டில் அடைக்கக் கூடாது. அதைக் குற்றாலலிங்கத்துக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். இரண்டு மாதத்தில் சங்கரசுப்பிரமணியனை ராதாபுரம் பக்கம், பனையும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். பத்து நாள் சுற்றறிக்கை விட்ட துரையும் அந்த வருஷமே சீமைக்குக் கப்பலேறிவிட்டார்.

ரிப்போர்ட் மேலே போயிற்று. போன இடத்தில் படுத்துக்கொண்டது.

சீதேவி கார்த்திகையில் ஈன்றது. மார்கழி வந்தது, தை வந்தது. குற்றாலலிங்கம் தெருவில் போகும்போது அந்த மடியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். முதன்முறையாக ஓர் ஈற்று முழுக்க இசக்கியம்மாவின் பானையில் விழுந்தது. ஆறுமுகத்தாயின் கன்னத்தில் சதை பிடித்தது.

இதை முதலில் கவனித்தவள் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி. அவளிடம் இரண்டு கறவை எருமை இருந்தது. "ஏ இசக்கி, எங்க எருமைக்கும் அந்த விசாரணைய வாங்கிக் குடேன்" என்று வந்து நின்றாள். அசன் மைதீன் மனு எழுதினார். பவுண்டுக்காரர் பேரில் ஏற்கெனவே விசாரணை நடப்பதால் இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குமாஸ்தா குறிப்பெழுதி, எருமையை அடைக்கக் கூடாது என்ற வரியையும் நகலெடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்குள் வாகைமடையில் இருபத்துமூன்று எருமைகள் விசாரணையில் இருந்தன. அடையாளத்துக்குக் கொம்பில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டார்கள். பவுண்டில் மாடு இல்லாமல் கீரை முளைத்தது. குற்றாலலிங்கம் அதைப் பறித்துத் தாலுகா ஊருக்கு அனுப்பிப் பார்த்தார். காப்பிக்கு அது சரிப்படவில்லை.

மேலிடத்திலிருந்து வருஷத்துக்கு ஒன்றாகக் கேள்விகள் வந்தன. எருமையிடம் வாக்குமூலம் வாங்கியபோது அதற்குப் பிரமாணம் செய்துவைக்கப்பட்டதா? இன்ஸ்பெக்டருக்கு விழுந்த உதை, விசாரணை தொடங்குமுன் விழுந்ததா, தொடங்கியபின் விழுந்ததா? மண்ணில் கொட்டிய பருத்திக்கொட்டையை அரக்கு முத்திரை வைத்து ஏன் அனுப்பவில்லை? பதில் எழுதவேண்டியவர் திருஞானசம்பந்தம். உதை விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் ஒரு வருஷம் வைத்திருந்தார். இடையில் ஐரோப்பாவில் சண்டை வந்தது. காகிதம் கிடைக்கவில்லை என்று ஒரு வருஷம் போயிற்று.

முன்னே கச்சேரியின் தாமதத்தைச் சபித்துக்கொண்டிருந்த இசக்கியம்மா, இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் இசக்கி கோயிலில் விளக்குப் போட்டாள். தாயே, அந்தக் காகிதம் எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும்! ஆறுமுகத்தாயைப் பெண் கேட்டு வந்த கடையத்துப் பக்கத்துச் சம்பந்தகாரர்கள் நகை நட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. சீதேவியின் கிடாரிக் கன்று ஒன்று சீதனமாக வருமா, வந்தால் அதுவும் விசாரணையில் சேர்ந்ததுதானா என்றுதான் கேட்டார்கள்.

இப்படி ஏழு வருஷம் ஓடியது. எட்டாவது வருஷம் பங்குனியில் கச்சேரி டவாலிச் சேவகன் ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்துப் பெருவிரல் வாங்கிக்கொண்டு போனான். இசக்கியம்மா அதை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். அசன் மைதீனுக்கு இப்போது தாடி நரைத்துக் கண்ணாடி வந்துவிட்டது. படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, ஜெயிச்சுட்டே! மனுதாரி வாகைமடை இசக்கியம்மா சொன்னது முற்றிலும் உண்மைன்னு எழுதியிருக்கான். குற்றாலலிங்கத்த வேலைய விட்டு எடுத்தாச்சு. முன்னால பொய்யின்னு எழுதுனதையும் ரத்து பண்ணியாச்சு."

"இன்னொரு வாட்டி வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தார். "முற்றிலும் உண்மை" என்ற இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கச்சேரி வாசல் என்றுகூடப் பார்க்காமல், விம்மி விம்மி அழுதாள். சர்க்கார் தன்னைப் பொய் சொல்லாதவள் என்று எழுதிவிட்டது. பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சுடலையாண்டி திரும்பி வந்திருந்தால்கூட அப்படி அழுதிருப்பாளா என்பது சந்தேகம்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கே, அது என்ன?" என்றாள்.

"அது வழக்கமா எழுதுறதுதான். 'இத்துடன் விசாரணை முடிவுற்றது. இது சம்பந்தப்பட்ட எல்லாத் தடை உத்தரவுகளும் நீங்கின'ன்னு."

இசக்கியம்மா காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புதுப் பவுண்டுக்காரரு காலையிலயே வந்துட்டாரு அண்ணாச்சி. கீரையெல்லாம் புடுங்கித் தொழுவத்தத் தூத்துட்டாரு. நல்லவரு மாதிரித்தான் பேசுதாரு. ஊர்ல எந்த வீட்டு எருமை நல்லாக் கறக்கும்னு விசாரிச்சாரு."

அசன் மைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு இன்னும் ஒண்ணும் செய்யலியே. யாரு மேல எழுத?"

"யாரு மேலயும் வேண்டாம். இந்த உத்தரவு மேல எழுதுங்க."

"என்னளா சொல்லுத? ஒனக்குச் சாதகமான உத்தரவை எதுத்து நீயே அப்பீலா? உண்மைன்னு சொல்லிட்டாங்களே!"

"சொல்லிட்டாங்க, ரொம்பச் சந்தோசம். அத நான் பத்திரமா வச்சுக்கிடுவேன். விசாரணை முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்காங்கள்ளா, அதுதான் ஆகாது. சீதேவி சொன்னத அரைகுறையாக் கேட்டுட்டுப் போயிட்டாங்க, திரும்ப முழுசா விசாரிக்கணும்னு எழுதுங்க."

அசன் மைதீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளை விரித்து, பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். "எப்படி எழுதட்டும்?"

சீதேவிக்கு வயசாகிவிட்டது. அதன் பேத்திதான் இப்போது தலைச்சன் சினையாகக் கொட்டிலில் நின்றது. இசக்கியம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"ஒரு பத்து வருசத்துக்குத் தாங்குற மாதிரி எழுதுங்க அண்ணாச்சி" என்றாள்.